செங்கல் தூளில் நின்ற தண்ணீர்
சுர்க்கி, சுண்ணாம்பு, கடுக்காய்: பழைய கட்டுமானப் பொருள்களின் கதையும், ஓய்வு நேரத்தில் நாமே செய்து பார்க்கும் வழியும்



கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகக் கீழே இறங்கி வரும் நம்ம பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு இருக்கிறது. ஜூன் மாதம் தலைமதகு திறந்தால் நாற்றங்கால் பாவுகிறோம். தண்ணீர் ஒரு வாரம் தள்ளிப்போனால் நமக்குத் தூக்கம் வருவதில்லை. இந்தத் தண்ணீரை மலைக்கு மேலே பிடித்து நிறுத்தி வைத்திருப்பது எந்தப் பொருள் என்று என்றைக்காவது யோசித்தது உண்டா?

"அணைதான், வேற என்னாங்க?" என்பீர்கள். அணை சரி. அந்த அணை எதனால் ஆனது? சிமெண்டு என்று நினைத்தால் அது சரியில்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி எழுப்பியது சுட்ட செங்கல்லை இடித்த தூளும், சுண்ணாம்பும், மணலும், கருங்கல்லும்தான். அந்தச் செங்கல் தூளுக்குச் சுர்க்கி என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் உடைந்து கிடக்கிற நாட்டு ஓடு, குப்பையில் போடுகிற உடைந்த பானை, இவற்றை இடித்துச் சலித்தால் வருகிற அதே சிவப்புப் பொடிதான்.

அந்தப் பொடியின் கதையை இன்றைக்குப் பேசுவோம். கதையோடு நில்லாமல், அறுவடை முடிந்த ஓய்வு நாட்களில் அதே பொருளை வைத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறிய தொட்டி கட்டிப் பார்ப்பது எப்படி என்பதையும் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

மலை ஏறிய சுண்ணாம்பு

மேற்கே வீணாகக் கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் வெள்ளைக்காரர் மூளையில் முதலில் உதித்தது அல்ல. 1789இலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆளனுப்பி இடம் பார்க்கச் செய்தார். பணம் இல்லாமல் அது நின்றுபோயிற்று. 1808இல் கேப்டன் கால்டுவெல் என்ற அதிகாரி வந்து பார்த்து, இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1867இல் மேஜர் ரைவ்ஸ் மறுபடியும் ஒரு திட்டம் கொடுத்தார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கிய பிறகுதான் அரசாங்கத்துக்கு இதில் உண்மையான அக்கறை பிறந்தது.

1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. 1887இல் கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கியது.

இடம் எப்படிப்பட்டது தெரியுமா? யானைக் காடு. மழைக்காலத்தில் ஆறு கரை தெரியாமல் ஓடும். ஆற்றைத் தடுத்து அடித்தளம் போடுவதற்காக எழுப்பிய கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மலைக்காய்ச்சலில் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் மாண்டார்கள். அவர்களில் பலர் நம்ம பக்கத்துச் சீமைகளிலிருந்து கூலிக்குப் போன ஏழை சனங்கள்.

அங்கே சிமெண்டு ஏன் போகவில்லை என்றால், அப்போது நம் நாட்டில் சிமெண்டே செய்யப்படவில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். நம் நாட்டில் சென்னையில் 1904இல் ஒரு முயற்சி நடந்தது. போர்பந்தரில் ஆலை வைத்து ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தது 1914இல். பெரியாற்றில் அடித்தளம் போட்ட காலத்தில் சிமெண்டு என்பது பீப்பாயில் அடைத்துக் கப்பலில் வந்து இறங்கும் விலையுயர்ந்த சரக்கு. அதை ரயிலில் ஏற்றி, வண்டியில் ஏற்றி, மலையில் ஏற்றி ஓர் அணை முழுக்கக் கொட்டுவது என்றால் கட்டுபடியாகுமா?

ஆகவே கையில் இருந்ததை எடுத்தார்கள். சுண்ணாம்பு இந்த நாட்டுக்குப் புதிது இல்லை. காளவாசல் வைத்துச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். களிமண் எங்கும் இருக்கிறது. கருங்கல் அணைக்கட்டு இடத்திலேயே கிடைத்தது. மாட்டு வண்டியிலும், மலைச்சரிவில் கட்டிய கம்பிவடத்திலும், மேலே போனபின் படகிலுமாகச் சாமான்கள் போய்ச் சேர்ந்தன. அணையின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டு. கல்லோடு கல்லை ஒட்டியது சுண்ணாம்பு – சுர்க்கிக் காரை. நடுவயிறு முழுக்கச் சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், உடைகல் சேர்ந்த கான்கிரீட். 1,200 அடி நீளத்துக்கு, அடித்தளத்திலிருந்து 176 அடி உயரத்துக்கு அதை எழுப்பினார்கள். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிகமான சுரங்கம் வெட்டித் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். 1895 அக்டோபர் 10ஆம் தேதி சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

நம்ம ஊர்களில் பென்னிகுயிக் என்று பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள். பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். 2013 ஜனவரியில் லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. எல்லாம் சரிதான். ஆனால் சுண்ணாம்பு சுட்டவன், செங்கல் இடித்தவள், கல் உடைத்தவன் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்தப் பொருளையாவது நாம் மறக்காமல் இருக்க வேண்டாமா?

தண்ணீருக்குள் இறுகும் மர்மம்

சுண்ணாம்பு மட்டும் தண்ணீருக்குள் இறுகாது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் சுட்டால் கரிவாயு வெளியேறிப் பொரிந்த கல்லாகிறது. தண்ணீர் ஊற்றி நீற்றினால் பொங்கிப் பொடியாகிறது. அதைச் சுவரில் பூசினால் காற்றில் உள்ள கரிவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அதற்குக் காற்று வேண்டும், நாளும் வேண்டும். தண்ணீருக்கு அடியிலோ, பத்துப் பதினைந்து அடி தடிமனுள்ள சுவரின் நடுவிலோ காற்று எங்கே போகும்? அங்கே வெறும் சுண்ணாம்பு வருஷக்கணக்கில் களிபோலக் கிடக்கும்.

இங்கேதான் செங்கல் தூள் வருகிறது. களிமண்ணை ஏறக்குறைய 600 முதல் 800 டிகிரி வரை சுட்டால், அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கட்டவிழ்ந்து, பிடிமானம் தேடுகிற நிலைக்கு வந்துவிடுகின்றன. அதைப் பொடியாக்கி ஈரச் சுண்ணாம்போடு சேர்த்தால் இரண்டும் கலந்து பசைபோன்ற ஒரு புதுப் பொருள் உண்டாகி இறுகுகிறது. இதற்குக் காற்று தேவையில்லை, ஈரம்தான் தேவை. தண்ணீருக்குள்ளேயே கெட்டிப்படும். இன்றைய சிமெண்டு இறுகும்போது உண்டாகிற பசையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த வித்தையை உலகத்தில் பல தேசத்தார் கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தாலியில் பொசுவோலி என்ற ஊர்ப் பக்கத்தில் எரிமலைச் சாம்பல் மண் உண்டு. ரோமாபுரியார் அதைச் சுண்ணாம்போடு கலந்து துறைமுகம் கட்டினார்கள். ரோமில் அவர்கள் எழுப்பிய பாந்தியன் கோயிலின் கும்மட்டம் 43 மீட்டர் அகலம். ஏறத்தாழ 1,900 ஆண்டாகியும் நிற்கிறது. எரிமலை மண் கிடைக்காத இடத்தில் அவர்களும் ஓட்டையும் செங்கல்லையும் இடித்துப் போட்டார்கள். இங்கிலாந்தில் எடிஸ்டன் பாறையில் 1756 முதல் 1759 வரை கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லே தண்ணீரில் நன்றாக இறுகுகிறது என்று சோதித்து அறிந்தார். நம் நாட்டிலும் பெரியாறு அணையோடு இது முடிந்துவிடவில்லை. 1911இல் மைசூர்ப் பக்கம் விசுவேசுவரய்யா காவிரியில் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையும் சுர்க்கிக் காரையில் எழுந்ததுதான்.

முட்டையும் கருப்பட்டியும் உண்மையா?

"அணைக்கு முட்டை வெள்ளைக்கருவும், கரும்புச் சாறும், கடுக்காயும் வண்டி வண்டியாய்ப் போச்சாம்" என்று நம்ம பக்கம் பேசிக்கொள்வது உண்டு. அணையின் பொருளாகப் பொறியாளர்கள் சொல்வது சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் கல்லும்தான். ஆனாலும் அந்தப் பேச்சு அடியோடு கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. வீட்டுச் சுவருக்கும் மாடித் தளத்துக்கும் நம் கொத்தனார்கள் போட்ட காரையில் இவையெல்லாம் சேர்ந்தன. அந்த நினைவை ஜனங்கள் அணைமேல் ஏற்றிச் சொல்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அதற்குச் சாட்சி வெளியிலிருந்தே இருக்கிறது. செயிண்ட் எலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் மிகச் சிறந்த காரை செய்யும் முறை என்று ஒரு கட்டுரை எழுதினார். 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அது வெளியாயிற்று. சுண்ணாம்பையும் மணலையும் வெல்லத் தண்ணீர் விட்டு இடிப்பது, பயறும் கடுக்காயும் ஊறவைத்த நீர் சேர்ப்பது, மேல் பூச்சுக்கு முட்டை சேர்ப்பது, எல்லாம் அதில் வருகிறது. நம்ம ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவத்தை லண்டன் விஞ்ஞானிகள் உட்கார்ந்து படித்தார்கள் என்றால் பெருமைதானே!

செட்டிநாட்டு வீடுகளின் சுவர் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய் போல் அரைத்து, அடுக்கடுக்காய்ப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. பத்மநாபபுரம் அரண்மனையின் கருப்புத் தரையைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கலாம். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, செடிச் சாறுகள் சேர்த்துச் செய்தது என்று பரம்பரையாகச் சொல்லுகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. வெல்லத்தின் சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் அதிகமாகக் கரையும். காரை குழைவாக வரும், சீக்கிரம் காய்ந்து வெடிக்காது. கடுக்காயின் துவர்ப்பு டானின் என்ற சத்து. காரை பிடிப்பாக நிற்க அது உதவுகிறது. முட்டை வெள்ளை நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்து இழைப்புக்கு வழுவழுப்புத் தருகிறது.

ஆனால் ஒன்று, இதை மனசில் நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். வெல்லத் தண்ணீர் சுண்ணாம்புக்குத்தான் நண்பன். சிமெண்டுக்கு அது எதிரி. சிமெண்டில் மிகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது தாமதப்படும். நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்குப் போனால் இறுகாமலே வீணாகப் போகக்கூடும். "பெரியவங்க வெல்லம் போட்டாங்க, நாமும் சிமெண்டில் போடுவோம்" என்று யாரும் இறங்கிவிடாதீர்கள்.

சிமெண்டு வந்தபின்

சிமெண்டு மலிவாகக் கிடைத்ததும் சுண்ணாம்பு பின்னுக்குப் போனது. காரணம் வெளிப்படை. சிமெண்டு சில மணி நேரத்தில் இறுகும். சுண்ணாம்பை நீற்ற வேண்டும், ஊற வைக்க வேண்டும், இடிக்க வேண்டும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். கூலி ஏறுகிற காலத்தில் யார் பொறுப்பார்கள்? "ஏண்ணே, சுண்ணாம்புக் காரை போடலாமா?" என்று கொத்தனாரைக் கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலத்தோட போச்சுங்க" என்று சிரிப்பார். காளவாசல்கள் அவிந்தன. மாடு கட்டிச் சுண்ணாம்பு அரைத்த கல் சக்கரங்கள் பல ஊரில் குப்பை மேட்டில் கிடக்கின்றன.

சுர்க்கிக்குக் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் இடைவிடாமல் கசியும் இடத்தில் சேராமல் மிஞ்சி நிற்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். பெரியாறு அணையிலும் இது நடந்தது. அதனால் 1930களிலேயே அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள்; 1960களிலும் அந்த வேலை நடந்தது. 1979இல் அணையின் உறுதி பற்றிப் பெரிய பேச்சு எழுந்து, 152 அடி வரை தேக்கிய தண்ணீர் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அதன்பின் மேலே கான்கிரீட் தொப்பி, இரும்புக் கம்பிவட நங்கூரம், பின்புறம் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தினார்கள். உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் 142 அடி வரை தேக்கலாம் என்றது. நீதியரசர் ஆனந்த் தலைமையில் அமைந்த குழு 2012இல் அணை உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை தந்தது. 2014 மே 7ஆம் தேதித் தீர்ப்பில் 142 அடி மறுபடியும் உறுதியாயிற்று. அந்த நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது.

அணைபற்றிய வழக்கும் வாதமும் இந்தப் பேச்சுக்கு வெளியே உள்ளவை. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: எந்தக் கட்டுமானமும் கட்டிவிட்டால் முடிந்தது என்று இல்லை. பொருளின் குணம் தெரிந்து, கசிவைப் பார்த்துப் பார்த்து, காலாகாலத்தில் பராமரித்தால்தான் நிற்கும். இது அணைக்கும் பொருந்தும், உங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கும் பொருந்தும்.

உங்கள் கிணற்றுச் சுவரைப் பாருங்கள்

பள்ளத்தாக்கில் பழைய கவலைக் கிணறுகள், வாய்க்கால் மடைகள், ஊருணிப் படிக்கட்டுகள், பழைய வீட்டுச் சுவர்கள் பல சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. இடுக்கில் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். உதிர்கிற பொடி வெள்ளையாக இருந்து நடுவில் சிவப்புத் துணுக்குகள் தெரிந்தால் அது சுர்க்கிக் காரை.

அந்தச் சுவரில் விரிசல் கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு மூட்டை சிமெண்டு வாங்கிவந்து அப்பிவிடுகிறோம். இரண்டு மழைக்குப் பின் பார்த்தால் சிமெண்டுப் பூச்சு பலகை மாதிரி கழன்று நிற்கும். அதோடு பழைய செங்கல்லின் முகமும் பெயர்ந்து வரும். ஏன்? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். கொஞ்சம் அசைந்தும் கொடுக்கும். சிமெண்டு விறைப்பானது, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பூட்டிய ஈரம் உப்பைக் கொண்டுவந்து செங்கல்லுக்குள் பூக்க வைக்கிறது. செங்கல் பொரிந்து உதிர்கிறது. மெத்தென்ற துணியில் தகரத்தை ஒட்டுப்போட்டால் எப்படி, அப்படித்தான். நூறு வருஷம் நின்ற சுவரை நாம் பழுது பார்த்துப் பத்து வருஷத்தில் கெடுத்துவிடுகிறோம்.

ஆகையால் பழைய சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்பால்தான் பழுது பார்க்க வேண்டும். அதற்கு அந்தக் கைவேலை தெரிந்தவர் வேண்டும். தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நம்ம வீட்டுப் பிள்ளைகள் ஒரு சின்ன வேலையையாவது செய்து பழகிவிட்டால், அந்தக் கை அறுந்துபோகாது.

சின்ன வேலையில் பெரிய பாடம்

சின்ன வேலை என்று இளப்பமாக எண்ண வேண்டாம். பிரான்சு தேசத்தில் ஜோசப் மோனியே என்று ஒரு தோட்டக்காரர். மண் தொட்டி உடைந்துபோகிறதே என்று, சிமெண்டுக் கலவைக்குள் கம்பிவலை வைத்துப் பூந்தொட்டி செய்து பார்த்தார். 1867இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு ஊரெல்லாம் எழும்புகிற கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அவருடைய பூந்தொட்டியும் ஒரு முன்னோடி. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், 2007இல் காலமானார், உடைந்த ஓடு, பழைய பாட்டில், மண், சுண்ணாம்பு, சுர்க்கி என்று மற்றவர் ஒதுக்கியதை வைத்தே அழகான வீடுகள் கட்டினார். எளிய படம் போட்டு மற்றவர்க்கும் சொல்லிக் கொடுத்தார்.

நாமும் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் தேக்க ஒரு சின்னத் தொட்டி கட்டிப் பார்ப்போம். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் போதும்.

முதலில் சுர்க்கி. நாட்டு ஓடு, உடைந்த மண்பானை, நன்றாக வெந்த நாட்டுச் செங்கல், இவற்றை இடியுங்கள். கருகி உருகிப்போன செங்கல் வேண்டாம். அதிகச் சூட்டில் அதன் வேகம் செத்துப் போயிருக்கும். உப்புப் பூத்த செங்கலும் வேண்டாம். இடித்ததை மாவுச் சல்லடையில் சலியுங்கள். எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு இடியுங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பு வாங்கி நீற்ற வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவி உடனே வைத்தியரிடம் போக வேண்டும். பிளாஸ்டிக் வாளியும் ஆகாது, சூட்டில் இளகிவிடும். பிள்ளைகளை நீற்றும் இடத்துக்கு அண்ட விடாதீர்கள். நீற்றியதை வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி ஒரு வாரமாவது ஊற விடுங்கள். ஊற ஊறத்தான் பக்குவம்.

பிறகு ஒரு சோதனை. சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி இரண்டு பங்கு பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் உருண்டை பிடித்து, ஈரச் சாக்கில் மூடி பத்து நாள் வையுங்கள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரில் போடுங்கள். கரையாமல் கல்லாக நின்றால் சுர்க்கி நல்ல சுர்க்கி. கரைந்து குழம்பினால் வேறு ஓடு பாருங்கள்.

காரைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, ஒரு பங்கு கழுவிய மணல். ஆற்று மணல் அருகிப்போன இந்தக் காலத்தில், மணலைக் குறைத்துச் சுர்க்கியைக் கூட்டினாலும் குற்றமில்லை. தண்ணீரைக் குறைவாக விட்டு உலக்கையால் இடித்து இடித்துக் குழைக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும்; அதுதான் பதம். செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் கட்டுங்கள். காய்ந்த செங்கல் காரையின் ஈரத்தைக் குடித்துவிடும்.

உள்பூச்சுக்குக் கடுக்காய்த் தண்ணீர். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி நச்சி, கொஞ்சம் கருப்பட்டியோடு நாலைந்து நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். கடைசிப் பூச்சுக்கான காரையை நைசாகச் சலித்த சுர்க்கியில், அந்தத் தண்ணீர் விட்டுக் குழைத்து மெல்லிசாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுங்கள்.

பிறகு வேண்டியது பொறுமை. வெயில் படாமல் ஈரச் சாக்குப் போட்டு மூன்று நாலு வாரம் ஈரம் காக்க வேண்டும். ஒரு மாதம் முடிவதற்குள் தண்ணீர் நிரப்பாதீர்கள். முதலில் நிரப்புகிற தண்ணீர் காரமாக இருக்கும். நாலைந்து தடவை நிரப்பிக் கொட்டிவிடுங்கள். அதற்கு முன் ஆடு மாடு குடிக்கவோ மீன் விடவோ கூடாது.

நெல் அரைக்கும் ஆலைப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சோதித்துப் பார்க்கலாம். உமியைக் கொளுத்தினால் வருகிற சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். 700 டிகிரிக்கு மேல் போகாமல் நிதானமாக எரிந்து வெளிறிய சாம்பலாக வந்தால், அதை நைசாக அரைத்துச் சுர்க்கிக்குப் பதிலாகவோ சுர்க்கியோடு சேர்த்தோ சுண்ணாம்பில் கலக்கலாம். அதிகச் சூட்டில் வெந்த சாம்பலுக்கு வேகம் குறைவு. அதே உருண்டைச் சோதனை இதற்கும் பொருந்தும். நாம் விளைவித்த நெல்லின் உமியே நமக்குக் காரையாகிறது!

ஓர் எச்சரிக்கை. தொட்டி, திண்ணை, பூச்செடிப் பாத்தி, பறவைகள் குடிக்கும் தண்ணீர்க் கிண்ணம், இப்படிப்பட்ட வேலைகளில் கை பழகுங்கள். கூரை, மாடி, உயரமான சுவர் போன்றவற்றில் சோதனை வேண்டாம். பழைய கிணற்றின் உட்சுவரில் தனியாக இறங்கவும் வேண்டாம். தெரிந்த கொத்தனாரோடும் பொறியாளரோடும் கலந்துகொண்டு செய்யுங்கள்.

திரும்பி வருகிற சுர்க்கி

கடைசியாக ஒரு சேதி. உலகத்தில் மனிதர் செயலால் வெளியாகும் கரிவாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. இதைக் குறைக்க வழி தேடிய விஞ்ஞானிகள் எங்கே வந்து நிற்கிறார்கள் தெரியுமா? சுட்ட களிமண்ணில்! சுவிட்சர்லாந்து தேசத்து லோசான் தொழில்நுட்பக் கழகத்தாரும், கியூபா நாட்டாரும், நம்ம சென்னை, டெல்லி ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களும் சேர்ந்து, சிமெண்டில் ஏறத்தாழப் பாதியைக் குறைத்துச் சுட்ட களிமண் தூளும் சுண்ணாம்புக் கல் தூளும் கலந்த புதுச் சிமெண்டை உருவாக்கினார்கள். அதற்கு 2023இல் இந்தியத் தரநிலையும் வெளியாகியிருக்கிறது. நம்ம தாத்தா காலத்துச் சுர்க்கி புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது என்றே சொல்லலாம்.

ஆகவே, அடுத்த முறை வீட்டு ஓட்டை மாற்றும்போது உடைந்த ஓட்டைப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். ஒரு மூட்டை கட்டி எடுத்து வையுங்கள். ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பதம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு நாள் நீற்றினீர்கள், எவ்வளவு நேரம் இடித்தீர்கள், கடுக்காய் எத்தனை சேர்த்தீர்கள் என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கிணற்றுச் சுவரைப் பழுது பார்க்கிற நாள் வரும்போது அந்த நோட்டு ஒரு மூட்டை சிமெண்டைவிட உங்களுக்கு அதிகமாக உதவும்.